வளைவில் இழுத்த நூல்

காலையில் பல் விளக்கிக்கொண்டே பின்பக்கம் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம், மாத்தளைக்குப் போகும் தண்டவாளத்தின் ஓரத்தில், ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட நாலு பேர் சல்லிக் கல்லைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். எதற்கென்று கேட்டேன். ஒருவன் சிரித்தான். இன்னொருவன் தனக்கும் தெரியாது என்று சிங்களத்தில் சொன்னான். அடுக்கி வைத்திருந்த சிலிப்பர் கட்டைகளின் தார் வாசனைதான் வேலியைத் தாண்டி வந்தது. அந்த வாசனை வந்தால் இன்றைக்கும் நான் வெளியே நிற்க மாட்டேன். வாயில் நுரையோடு உள்ளே ஓடினேன். நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரிக்கத்தான் பார்க்கிறேன்.

பல வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் வேலை நடந்தபோது எனக்குக் கலியாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை. துணி கிழிப்பதைவிட ஆட்களைக் கலாய்ப்பதில்தான் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்திருந்தேன். கட்டுகஸ்தோட்டைக்கு இந்தப் பக்கம், ரயில் லைன் வளைகிற இடத்தில், உள்வளைவோடு ஒட்டிப் பத்து வீடுகள். எங்களுக்குச் செய்தி வருவது அதே வரிசையில் இருந்த ஜுனைத் நானாவின் தேத்தண்ணிக் கடையில். பலகைச் சுவர், தகரக் கூரை, உட்கார ஒரே ஒரு வாங்கு. கோச்சி, அதாவது ரயில், வரும்போது கடையே அதிரும்; கிளாஸை வாங்கில் வைத்திருக்கக் கூடாது, கையில் தூக்கிக்கொள்ள வேண்டும். அது அந்தக் கடைச் சட்டம். ஏழெட்டுப் பேர் பேச்சை நிறுத்தி, கிளாஸை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி கோச்சி போகும்வரை நிற்பதைப் பார்த்தால், ஏதோ சத்தியப்பிரமாணம் செய்கிற மாதிரி இருக்கும்.

நானாவுக்குச் சொந்த ஊர் அலவத்துகொட. மனைவி மௌத்தான பிறகு அங்கே மகளோடு போயிருக்க மனசில்லாமல், கடைக்குள்ளேயே படுத்து எழும்பிக்கொண்டிருந்தார். அவருக்கென்று இருந்தது அந்தக் கடை மட்டும்தான்.

ஒரு சனிக்கிழமை காலை பார்த்தால், லைன் ஓரத்தில் சிவப்புத் துணி கட்டிய இரண்டு முளைகள். ஒன்று என் வீட்டுக்கு மேல்புறம், ஒன்று நானா கடைக்குக் கீழ்ப்புறம். அடித்தவர்கள் அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். கடையில் அன்றைக்கு வாங்கு கொள்ளாத கூட்டம். இரட்டைப் பாதை போடப் போகிறார்கள் என்றார் ஒருவர். வெள்ளைக்காரர்களுக்குக் கண்ணாடிக் கோச்சி விடப் போகிறார்கள் என்றார் இன்னொருவர். நான் சும்மா இருப்பேனா? கண்டி ராஜாவின் புதையல் நானாவின் அடுப்புக்கு அடியில் இருக்கிறதாம், அதற்குத்தான் அடையாளம் என்றேன். நானா அடுப்பைக் குனிந்து பார்த்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்போடு விட்டிருக்கலாம். பின்னேரம் புடவைக் கடையிலிருந்து கொண்டுவந்த நூல்கண்டை எடுத்து, ஒரு முளையிலிருந்து மற்ற முளைக்கு இழுத்துக் கட்டிப் பார்த்தேன். நூல் நாங்கள் சமைக்கிற குசினியின் நடுவே நுழைந்து, நானாவின் கடையை இரண்டாக வெட்டிக்கொண்டு போனது. முளைகளைப் பார்க்க வந்த கங்காணியிடம் ஓடிக் கேட்டேன். திங்கட்கிழமை மெசின் வருகிறது என்றார். அவ்வளவுதான் சொன்னார், மிச்சத்தையெல்லாம் நானே சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்கே குசினிக் கதவைக் கழற்றினேன். கலகெதரயில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அனுப்பலாம் என்று அதைத் தலையில் தூக்கி ரோட்டுவரை போனேன். எந்த பஸ்காரன் ஏற்றுவான்? திரும்பிவந்து கூரைத் தகரத்தில் கை வைத்தபோது என் மனைவி அடுப்பு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒங்களுக்குப் பயமா இருந்தா நீங்க போங்க. நான் சோத்த எறக்காம எந்திரிக்க மாட்டேன்."

என் பேச்சை யாரும் கேட்பதில்லை. நானா மட்டும் கேட்டார். மெசின் இடித்தால் ஒரு பலகைகூட மிஞ்சாது, நாமே பிரித்தால் பலகையாவது மிஞ்சும் என்று அவரிடம் ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு அது. பின்னேரம் அவர் ஆணி பிடுங்க ஆரம்பித்தார். நான்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். இருட்டுவதற்குள் பலகையும் தகரமும் லொறியில் ஏறி, நானாவோடு அலவத்துகொட போய்விட்டன.

திங்கட்கிழமை மெசின் வந்தது. தண்டவாளத்துக்கும் எங்கள் வேலிக்கும் நடுவே மழைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டியது. அவர்கள் இரண்டு முளைக்கும் இடையில் இன்னும் ஆறு முளை அடித்தார்கள். அவை லைனோடு சேர்ந்து அழகாக வளைந்து, எங்கள் வேலியைத் தொடாமல் போயின. பாதை வளைகிற இடத்தில் நான் நேராக நூல் இழுத்திருக்கிறேன். துணியை நேராகக் கிழித்தே பழகிய கை.

புதன்கிழமை விஷயம் தெரிந்து நானா திரும்பி வந்தார், கடையைப் பழையபடி கட்டிக்கொள்ள. வேலையைப் பார்க்க வந்திருந்த ரயில்வே பெரிய மாத்தயா ஒருவர் தன்மையாகத்தான் சொன்னார். லைன் ஓரத்தில் முன்பே இருப்பதை யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் புதிதாக ஒரு கம்புகூட நடக் கூடாது. நான் கையைக் காலைப் பிடித்துப் பார்த்தேன். நானா வெறும் தரையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு பஸ் ஏறினார்.

அவரைப் பார்க்கப் போக எனக்கு எட்டு மாதம் எடுத்தது. மகள் வீட்டு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் வார்த்தை யோசித்துக்கொண்டு போயிருந்தேன். அவரே சொன்னார்:

"நீங்க சென்னத்துக்கு நான் கழட்டல்ல தம்பி. எனக்கும் பயந்தான் ஈந்திச்சி."

நான் சொன்னதற்காக இல்லை என்றது பொய் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். பிறகு வீட்டுப் பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். தார்ப்பாய்க்கு அடியில் பலகைகள். ஒவ்வொன்றிலும் சோக்கட்டியால் இலக்கம் எழுதியிருந்தார். எப்போதாவது திரும்பக் கட்ட விட்டால் பலகை மாறாமல் அடிக்க வேண்டுமே என்றார்.

அவர் மௌத்தான செய்தி எனக்குப் பிந்தித்தான் கிடைத்தது. போனபோது ஜனாஸாவை அடக்கி மூன்று நாள். கேட்காமலே பின்பக்கம் போனேன். தார்ப்பாய் கிழிந்து, மழை எல்லாப் பலகையிலும் இறங்கியிருந்தது. இலக்கம் ஒன்றும் மிச்சமில்லை. எதற்குப் பக்கத்தில் எது என்று சொல்ல, அந்தக் கடையைப் பலகை பலகையாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் இருந்தார்.