பூனைக்கண் புலிகள்

ரங்கூனில் பிறந்த பிள்ளைக்குப் பேருக்கு முன்னால் கிழமையைத்தான் கேட்பார்கள். கிழமைக்கு ஒரு மிருகம்; திங்கட்கிழமை பிறந்தால் புலி. புத்தர் பகோடாவில் திங்கள் மூலையில் உட்கார்ந்திருக்கும் புலிக்குக் குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றினால் பிள்ளைக்கு நல்லது. நாங்கள் அம்மன் கோயிலுக்குப் போகிற குடும்பம்தான், ஆனாலும் இதை விடுவதில்லை. என் தங்கையின் மகளும் திங்கட்கிழமைக்காரி.

தங்கை ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். புருஷன் போய்ச் சேர்ந்ததும், பல் முளைக்காத குழந்தையைக் ரங்கூன் கியாக்டடா பேட்டையில் என் மாடி வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

லீவு நாளில் கோயில், மியூசியம் என்று அலைந்து, பழைய ஓவியங்களில் இருக்கும் புலிகளை மகளுக்கு அனுப்புவாள். படமெடுக்க விடாத இடத்தில் அஞ்சலட்டை வாங்கி அதைப் படமெடுப்பாள். மூங்கில் நடுவே பதுங்கும் புலி, ஆற்றில் தண்ணீர் குடிக்கும் புலி. எனக்கு ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. உடம்பு பஞ்சடைத்த தலையணை. கண் அசல் பூனைக்கண், நடுவில் நெட்டுக்கோடு.

"இது என்னடி புலி? மீன் திருடுற மூஞ்சி."

"அந்தக் காலத்துல இங்க புலியே இல்லக்கா. வரைஞ்சவங்க யாரும் உசுரோட பார்த்ததில்லையாம். கப்பல்ல வந்த தோலை விரிச்சுப் பார்ப்பாங்களாம். முகத்துக்கு வீட்டுப் பூனையப் பார்த்துக்குவாங்களாம்."

குழந்தைக்கு அதெல்லாம் எதற்கு? அதற்கு அந்தப் புலிகள்தான் புலி. போனில் வருகிற முகம்தான் அம்மா. சோறு ஊட்டும்போது போனைச் செம்பில் சாய்த்து வைப்பேன். தூங்கும் முன் போன் கண்ணாடியில் வாய் வைத்து முத்தம் கொடுக்கச் சொல்வேன். பெற்றவளை மறந்துவிடக் கூடாதே என்ற பயம் எனக்கு.

மழைக்காலம் முடிந்ததும் தங்கை முதல் தடவையாக லீவில் வந்தாள். ஏர்போர்ட்டில் ஓடி வந்து தூக்கினாள். குழந்தை அலறிக்கொண்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. புது முகம், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றேன். சரியாகவில்லை. அவள் ஊட்டினால் வாய் திறக்காது. அவள் பக்கத்தில் படுத்தால் எழுந்து என்னிடம் வந்துவிடும். "போன் அம்மா வேணும்" என்று பர்மியப் பேச்சில் அழும். அம்மா எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். மூன்று வயதுப் பிள்ளையை என்ன சொல்லித் திட்டுவது?

மிருகக்காட்சிசாலைக்குப் போகலாம் என்று தங்கைதான் சொன்னாள். கம்பிக்குப் பின்னால் ஒரு புலி நடந்துகொண்டிருந்தது. ஒல்லி. அடி வைக்கும்போதெல்லாம் தோள் எலும்பு ஏறி இறங்கியது. கண்மணி வட்டமாக இருந்தது.

"பாருடா, உன் புலி" என்று தங்கை குந்தி உட்கார்ந்து காட்டினாள்.

குழந்தை நிதானமாகப் பார்த்தது. "இது புலி இல்ல."

தங்கை சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்தவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். என் ரவிக்கை நனைந்துபோயிற்று. பாவி மகள், இதற்காகவா எத்தனையோ கிழவிகளைக் குளிப்பாட்டிக் காசு சேர்த்து வந்தாள் என்று நினைத்தபடி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

லீவு முடிந்து கிளம்பியபோது குழந்தை கைகூட அசைக்கவில்லை.

அவள் ஜப்பானில் போய் இறங்கிய மறுநாள் சாயங்காலம் போன் அடித்தது. குழந்தை பொம்மையைப் போட்டுவிட்டு ஓடி வந்தது. "அம்மா, அம்மா" என்று கண்ணாடி முழுக்க முத்தம். அந்தப் பக்கம் வேலை உடுப்பில் தங்கைக்கு வாயெல்லாம் பல்.

"எங்கம்மா போன? ரொம்ப நாளா வரவே இல்ல" என்று குழந்தை கோபித்துக்கொண்டது. "நம்ம வீட்டுக்கு ஒரு ஆண்ட்டி வந்திருந்தாங்க. எனக்குக் கவுன் குடுத்தாங்க. போயிட்டாங்க."

தங்கை போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள். பிறகு, "ஆண்ட்டி நல்லவங்களாடா?" என்று கேட்டாள்.

"தெரியல. அழுதுக்கிட்டே இருந்தாங்க."