ஈரோட்டிலிருந்து வந்த படங்கள்

எங்கள் வீட்டு டி.வி.க்குக் கீழே ஒரு கறுப்பு டப்பா இருக்கிறது. மகள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கி வைத்தது. அவள், நான், என் வீட்டுக்காரர் மூன்று பேரும் போனில் எடுக்கிற படமெல்லாம், எந்த ஊரிலிருந்து எடுத்தாலும், இன்டர்நெட் வழியாகத் தானாகவே வந்து அதில் சேர்ந்துவிடும். ஆளுக்கொரு ஃபோல்டர். "போன் தொலஞ்சாலும் படம் தொலையாதும்மா" என்றாள். சும்மா இருக்கிற வீட்டுக்கு இது ஒரு கேடா என்று நான் திட்டினேன்.

பிறகு அவள் எங்கள் சனத்தில் இல்லாத ஒரு பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போனாள். அன்றைக்கு என் வீட்டுக்காரரும் அவர் தம்பிமாரும் இரண்டு கார் நிறைய ஆள் சேர்த்துக்கொண்டு கிளம்பி நின்றார்கள். நான் கேட்டுக்குக் குறுக்கே படுத்துவிட்டேன். கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார். அவர் அங்கே போக மாட்டார். நான் அவளோடு ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது. சும்மா சொன்னால் என் வாய் நிற்காது என்று அவருக்குத் தெரியும். அதனால் ஆனைமலைக்குக் கூட்டிப்போய் மாசாணியம்மன் முன்னால் நிறுத்தி, மகள் தலைமேல் சத்தியம் வாங்கிக்கொண்டார். யாரோ ஒரு அம்மா நியாயம் கேட்டு அங்கே மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் காரத்தில்தான் எனக்குக் கண்ணீர் வருகிறது என்று நினைத்தாரோ என்னவோ, கர்ச்சீப்பை நீட்டினார். நான் வாங்கவில்லை.

தலை முழுகியாச்சு என்று ஊருக்குச் சொல்லிவிட்டார். அவருக்கு முழுகி எழுந்ததும் பசித்தது, சாப்பிட்டார். எனக்குத்தான் ஒன்றும் இறங்கவில்லை.

சில மாதம் கழித்து ஏதோ பழைய படம் தேடி டேப்லெட்டில் அந்த டப்பாவைத் திறந்தேன். மகள் ஃபோல்டரில் முந்தின நாள் எடுத்த படம் ஒன்று இருந்தது. அடுப்பில் தோசைக்கல், அதில் கருகிப்போன தோசை. அவள் போன் இன்னமும் எங்கள் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. தெரிந்துதான் நிறுத்தாமல் விட்டிருக்கிறாள், அம்மா பார்க்கட்டும் என்றுதான் அனுப்புகிறாள் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். பேசக் கூடாது என்றுதானே சத்தியம்? பார்க்கக் கூடாது என்று அவரும் கேட்கவில்லை, நானும் எடுத்துக்கொடுக்கவில்லை.

அவர் கோயமுத்தூர் கணபதியில் இருக்கிற பம்பு செட் பட்டறைக்குக் கிளம்பியதும் நான் டேப்லெட்டோடு உட்கார்ந்துவிடுவேன். ஒரு படத்தில் தெரிந்த மஞ்சள் மண்டிப் பெயர்ப்பலகையைப் பார்த்து அவள் ஈரோட்டில் இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் திரும்பி வந்துவிடுகிற தூரம். மருமகன் ஒல்லி. பாதிப் படத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பான். எங்கள் வீட்டு ஆண்பிள்ளைகளைப் பார்த்த கண்ணுக்கு அது புதுசாக இருந்தது. அப்புறம் ஒரு நாள் ஸ்கேன் படம் வந்தது. மாதம் கூடக் கூட அவள் முகம் உப்பி, கால் வீங்கி, எல்லாவற்றையும் பார்த்தேன். வளைகாப்பை ஆபீஸ் தோழிகள்தான் நடத்தினார்கள். கன்னத்தில் சந்தனத்தைச் சுவருக்குப் பூசுகிற மாதிரி அப்பியிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டே அழுதேன். அந்தக் கைக்கு முதல் வளையல் நான் போட்டிருக்க வேண்டும்.

கடைசியாக வந்தது, ஆஸ்பத்திரிக்குக் கட்டி வைத்த பை. பழைய வேட்டியைக் கிழித்து, துவைத்து, மடித்து மேலே வைத்திருந்தாள். யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, அந்த வாரம்தான் வீட்டுக்காரர் இன்டர்நெட் கம்பெனியை மாற்றினார். கிரிக்கெட் நடுவில் நடுவில் நிற்கிறதாம். வந்தவர்கள் பழைய பெட்டியைக் கழற்றிப் புதுசை மாட்டிவிட்டுப் போனார்கள். கறுப்பு டப்பாவின் ஒயரைச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தார்கள். நானே அதைப் புதுப் பெட்டியில் சொருகினேன். பழைய படமெல்லாம் வந்துவிட்டது. புதுப்படம் மட்டும் வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. ஸ்கேன் படத்தில் பார்த்திருந்த பிரசவத் தேதி நெருங்கி, கடந்தும் போய்விட்டது. அவள் பிழைத்தாளா, பிள்ளை நல்லபடியாகப் பிறந்ததா என்று தெரியாமல் நான் சோறு வடித்தேன், துணி மடித்தேன், அவருக்கு ரசம் வைத்தேன்.

பொறுக்க முடியாமல் காந்திபுரத்திலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர் ஒருவரை வரவழைத்தேன். நாற்பது வயதிருக்கும். கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பழைய கம்பெனிக்காரங்க மாறாத அட்ரஸ் ஒண்ணு குடுத்திருந்தாங்கம்மா. வெளியூர்ல இருக்கற போன் அதத் தேடித்தான் வரும். இப்ப அது இல்லீங்க. நான் வேற அட்ரஸ் போட்டுட்டேன். அந்தப் போன்லயும் இதப் போட்டாத்தான் படம் வருமுங்க."

"இங்கிருந்தே போட முடியாதுங்களா?"

"அவங்க போனுங்களே. அவங்கதான் போடோணும். நீங்க ஒரு வார்த்த கூப்பிட்டுச் சொல்லீருங்க."

"நான் பேசக் கூடாதுங்க" என்றேன்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. எங்கள் ஊரில் மரியாதைக்கு நேரில் கேட்க மாட்டார்கள், வெளியே போய்த்தான் கேட்பார்கள். எனக்கு அதைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. நீங்களே பேசுங்கள் என்று சொல்லி நம்பரை மனப்பாடமாகச் சொன்னேன். அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங்க, கோயமுத்தூர்ல உங்கம்மா ஊட்டுல இருந்து பேசறேனுங்க."

"யாருக்காச்சும் ஏதாவது ஆயிப்போச்சுங்களா?"

அவள் குரல்தான். உயிரோடு இருக்கிறாள்.

"அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. இங்க போட்டோ டப்பா இருக்குதுங்களே, இன்டர்நெட் மாத்துனதுல உங்க படம் வர்றது நின்னுபோச்சுங்க. புது அட்ரஸ் சொல்றேன், போட்டுக்கறீங்களா?"

"அது இன்னுமா ஓடிட்டிருந்துச்சு? நான் அத மறந்தே போயிட்டேனுங்க."

மறந்துதான் போயிருக்கிறாள். தோசையும் ஸ்கேனும் வளையலும் எதுவுமே எனக்கென்று அனுப்பியதில்லை. அதை நான் விழுங்குவதற்குள் அவள் அடுத்ததைக் கேட்டாள்.

"அப்ப அம்மா எல்லாத்தையும் பாத்தாங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். தலையாட்டினேன்.

"ஆமாங்க."

"வளைகாப்புப் படம்?"

"பாத்தாங்களாட்டம் இருக்குதுங்க."

பின்னால் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. பிறந்து சில நாளே ஆன குழந்தையின் மெல்லிய அழுகை.

"அத்தனையும் பாத்துட்டுமா பேசாம இருந்தாங்க?"

அந்த மனுஷர் போனை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

"அம்மா?" என்றாள்.

முப்பது வருஷமாக வீட்டுக்காரரோடு வாய்க்கு வாய் மல்லுக்கட்டியவள் நான். யாருக்கும் பயந்ததில்லை. ஆனால் சத்தியம் அவள் தலைமேல் இருந்தது. அந்தத் தலைக்குப் பக்கத்தில் இப்போது இன்னொரு பச்சைத் தலையும் கிடக்கிறது. நான் ஒரு வார்த்தை பேசி அதற்கு ஏதாவது ஆகிவிட்டால்? அம்மன் விட்டாலும், சத்தியம் முறிந்தது தெரிந்தால் அந்த இரண்டு கார் மறுபடியும் கிளம்பாது என்று யார் சொல்வது? முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். நான் மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டிருக்கும். அவள் காத்திருந்தாள். குழந்தை அழுதுகொண்டே இருந்தது.

"சரி. படம் அனுப்பறத நானே போன்ல இருந்து அழிச்சுப்போடறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

டப்பா நன்றாக ஓடுகிறது என்று சொல்லி ரிப்பேர்காரர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து, புது லைன் எப்படிப் போகிறது என்று கேட்டார். நல்லாப் போகுதுங்க என்றேன். அவர் மேட்ச் பார்க்க உட்கார்ந்தார், நான் காபி கலக்கப் போனேன்.

பிறந்தது பையனா, பொண்ணா என்று எனக்கு இன்னும் தெரியாது.