ஹோஸ்ட் கடிதம் கேட்கப் போய் மூன்று முறை காபி குடித்தது

1. எக்செல் ஷீட்

பிஎச்டிக்குப் பிறகு ஆய்வைத் தொடர உதவித்தொகை தரும் போஸ்ட்டாக் ஃபெலோஷிப் தேட ஆரம்பித்த அன்றே எக்செல் ஷீட் ஒன்று போட்டுவிட்டேன். மொத்தம் பதினேழு ஃபெலோஷிப்கள். ஒவ்வொன்றுக்கும் கடைசித் தேதி, வயது வரம்பு, என்னென்ன சான்றிதழ் என்று ஒன்பது தலைப்புகள். எனக்குத் தகுதியில்லாதவற்றைச் சிவப்பாக்கிக்கொண்டே வந்ததில் பச்சையாக ஒன்றுதான் மிஞ்சியது. பிஎச்டி முடித்து மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அடுத்த சுற்று வருவதற்குள் என் மூன்று ஆண்டு முடிந்துவிடும்.

எல்லா ஆவணங்களும் தயார், ஹோஸ்ட் கடிதம் தவிர. 'இவர் என் லேபில் ஆய்வு செய்யச் சம்மதம்' என்று ஒரு பேராசிரியர் கையெழுத்துப் போட்டுத் தரும் ஒரே ஒரு பக்கம். என் ஆய்வு பம்ப் அதிர்வு பற்றியது. அதே துறைப் பேராசிரியர் ஒருவர் கோவையிலேயே இருந்தார். கருத்தரங்குகளில் பார்த்துப் பேசிய பழக்கம் உண்டு.

2. சந்திப்புகள்

பெரியநாயக்கன்பாளையத்தில் பஸ் ஏறி, காந்திபுரத்தில் மாறி அவர் அறைக்குப் போனேன்.

“வாங்கம்மணி, ஊட்ல எல்லாரும் சௌக்கியங்களா?”

“நல்லாருக்கறாங்க சார். உங்களுக்குத் தொந்தரவு ஒண்ணுமில்லீங்களே?”

“தொந்தரவு என்னங்க! காபி சாப்புடுங்க.”

எங்கள் ஊர்ப் பக்கம், வந்ததும் வராததுமாகக் காரியத்தைக் கேட்பது மரியாதையில்லை. வந்தவரிடம் 'என்ன விஷயம்?' என்று கேட்பது அதைவிட மோசம். எனவே உடுமலைப்பேட்டையில் இருந்த அவருடைய தென்னந்தோப்பு மோட்டாரைப் பற்றிப் பேசினோம். அவர் கையெழுத்துப் போட வேண்டிய கடித ஃபார்ம் என் ஃபைலுக்குள்ளேயே இருந்தது. இரண்டாம் முறையும் அப்படியே.

மூன்றாம் முறை போனபோது கடைசித் தேதிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அந்த மோட்டாரில் எந்த பேரிங் தேய்ந்திருக்கும் என்பதைக்கூடச் சொல்லிவிட்டேன். கடிதத்தை மட்டும் கேட்கவில்லை. விருப்பம் இருந்தால் அவரே பேச்செடுத்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

3. செல்வி அக்கா

வாசலில் துறை அலுவலக உதவியாளர் செல்வி அக்கா மறித்தார்.

“ஏனுங்க மேடம், தப்பா நெனைக்காதீங்க. நீங்க எதுக்கு வாரீங்க?”

“ஒரு லெட்டர் வேணுங்க அக்கா.”

“கேட்டீங்களா?”

“இல்லீங்க.”

“நல்லாருக்குதுங்க! நீங்க போனதும் சார் எங்கிட்டத்தான் கேக்கறாரு, ‘அந்தப் பொண்ணு எதுக்கு வந்துச்சு?’ன்னு. கல்யாணப் பத்திரிகை வெக்க வந்துட்டு வெக்கப்பட்டுட்டுப் போறாங்கன்னு நான் சொல்லிப்போட்டேன்!”

திரும்பி உள்ளே போனேன். உட்காரவில்லை, உட்கார்ந்தால் காபி வந்துவிடும்.

“சார், உங்க ஹோஸ்ட் லெட்டர் வேணுங்க. நாளன்னைக்குக் கடைசி நாளுங்க.”

அவர் பேனாவை மூடி வைத்தார்.

“இதுக்கா மூணு தடவை பஸ் ஏறுனீங்க? லேபுக்கு ஆளில்லாம ஆறு மாசமா தேடிட்டிருக்கறனுங்க. நீங்க வேற எங்கியோ சேந்திருப்பீங்க, நானாக் கேட்டா நல்லாருக்காதுன்னு உட்டுட்டேன்.”

மூடிய பேனாவைத் திறந்தார். செல்வி அக்கா சீல் குத்தினார்.

4. இப்போது

ஃபெலோஷிப் கிடைத்து அதே லேபில் இருக்கிறேன். அந்த ஷீட்டை இன்றும் ஜூனியர்களுக்கு அனுப்புகிறேன். பத்தாவதாக ஒரு தலைப்பைச் சேர்த்து, அதையே முதலில் வைத்திருக்கிறேன்: 'வாய்விட்டுக் கேட்டாயிற்றா?'

பிஎச்டி முடித்த பெண் ஒருவர் போன வாரம் என்னைப் பார்க்க வந்தார். ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் ஊரில் மழை உண்டா என்று விசாரித்தார்.

“மழையெல்லாம் பேஞ்சுதுங்க கண்ணு,” என்றேன். “மொதல்ல அந்த ஃபார்மை எடுங்க.”