காண்டாமிருகத்துக்குக் காணி கையளித்தவர்

முரசுமோட்டையில் வயலுக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டு நின்றபோது கைபேசி அடித்தது. பரமேஸ்வரியின் மகள். "மாமா, அம்மா விடிய எங்களை விட்டுப் போயிட்டா" என்றார். மண்வெட்டியை வரம்பில் குத்திவிட்டு அப்படியே இருந்துவிட்டேன். தண்ணீர் பக்கத்துக் காணிக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. எழும்பி மறிக்க மனம் வரவில்லை. முதல்நாள்தான் வவுனியா ஆஸ்பத்திரியில், நான் கொண்டுபோன தேத்தண்ணீரில் சீனி கூடிவிட்டதென்று என்னோடு சண்டை பிடித்திருந்தார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பரமேஸ்வரி கண்டாவளையைச் சேர்ந்தவர். கண்ணிவெடி அகற்றும் அணியொன்றில் பல ஆண்டுகள் வேலை செய்தவர், பிறகு குழுத் தலைவியாகவும் இருந்தவர். நான் அந்த அணியின் அம்புலன்ஸ் சாரதி. நான் சும்மா இருந்தால் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்று அர்த்தம். அவருடைய குழுவோடு போன நாட்களில் நான் சும்மாதான் இருந்தேன். அதற்கும் அவரிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன். "நித்திரை கொள்ளுறதுக்குச் சம்பளம் வாங்கிற ஒரே ஆள் நீங்கள்தான், மூர்த்தி அண்ணை" என்பார்.

அவர் இந்த வேலைக்கு வந்தது ஒரு பசுவால். போர் முடிந்து மீளக்குடியேறிய புதிதில் அவர் வீட்டுச் சிவலைப் பசு பற்றைக்குள் மேயப்போய் வெடியை மிதித்துவிட்டது. முன்னங்கால் ஒன்று போய்விட்டது. மிச்சம் மூன்று காலோடு படலைவரை வந்து நின்றதாம். "பால் கறக்கிற நேரத்துக்குச் சரியா வந்து நிண்டது, அண்ணை. என்னைப் பார்த்துக்கொண்டே நிண்டது" என்று ஒருமுறை சொன்னார். அந்தக் கதையை அவர் இரண்டாந்தரம் சொல்லி நான் கேட்டதில்லை. அடுத்த கிழமையே அணியில் பெயர் கொடுத்துவிட்டார்.

துப்புரவாக்கிய நிலத்தைக் கையளிக்கும் நாளில் எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கடதாசியைக் காட்டினால் சனம் நம்பாது. ஆகவே அந்த மண்ணில் குந்தியிருந்து வெடி எடுத்தவர்களே கவச உடை இல்லாமல், ஓரடி விடாமல் மிதித்துக்கொண்டு முன்னால் நடப்பார்கள். சொந்தக்காரர் பின்னால் வருவார். பரமேஸ்வரி செருப்பையும் கழற்றிவிடுவார். எல்லையில் நட்ட வெள்ளைத் தடிகளில் கடைசித் தடியை, சொந்தக்காரர் கால் வைக்கும்வரை பிடுங்க விடமாட்டார். "அவை கால் வைச்சாத்தான் கையளிப்பு. மற்றதெல்லாம் கடதாசி."

பிறகு சிம்பாப்வேயிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே எல்லைக் காடொன்றில் பழைய போர்க்காலத்து வெடிகள் நீளப் பட்டையாகப் புதைந்து கிடந்தன. பட்டைக்கு இந்தப் பக்கம், கொம்புக்காகச் சுட்டுத் தள்ளியது போக மிஞ்சிய சில கறுப்புக் காண்டாமிருகங்கள். அந்தப் பக்கம் ஆறும் மேய்ச்சலும். ஒடுங்கிய இடத்தில் கிடந்தால் கடாக்கள் ஒன்றையொன்று குத்திச் சாகும், இனம் பெருகாது. அந்த மிருகங்களுக்கும் காணி வேண்டியிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. "எங்கட சனத்தின்ர காணியே இன்னும் முடியேல்லை. மிருகத்துக்கோ நீர் காணி எடுத்துக் குடுக்கப் போறீர்?" என்று கேட்டேன். அவர் கைபேசியை நீட்டினார். அந்தக் காட்டின் காவலர் தென்டாய் என்பவர் அனுப்பிய படம். முன்னங்கால் சிதறிய ஒரு பெண் காண்டாமிருகம் மரத்தோடு சாய்ந்து நின்றது. "ரெண்டு நாளில செத்துப்போச்சாம், அண்ணை" என்றார். ஆனாலும் அவர் விமானம் ஏறும்வரை நான் முறுமுறுத்தேன்.

இரண்டு மழைக்காலம் அங்கே நின்றார். அந்த ஊர்ப் பெண்களுக்கு வேலை பழக்கி, அவர்களோடு தானும் குந்தியிருந்து பட்டையைத் துப்புரவாக்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குக் கைபேசியில் எடுப்பார். "இஞ்ச துவக்கோட நிக்கிற ஆக்கள் மிருகத்துக்குக் காவல் நிக்கினம், அண்ணை. துவக்கைக் கண்டும் நெஞ்சு பதறாதது எனக்கு இதுதான் முதல்தரம்" என்று ஒருநாள் சொன்னார்.

வேலை முடிந்த நாளில், நம்முடைய வழக்கப்படியே செய்தார். ஐம்பது அறுபது பாதங்கள் அந்த மண்ணை மூலைமுடுக்கு விடாமல் மிதித்தன. ஒரு தடியை மட்டும் விட்டுவிட்டுச் சொந்தக்காரருக்காகக் காத்திருந்தார். காண்டாமிருகம் ஒன்றும் வரவில்லை. தடம் இருக்கிறதா என்று தினமும் காலையில் போய்ப் பார்த்தார். மாதம் ஒன்றாகியும் இல்லை. கடைசியில் தென்டாய்தான் தயங்கித் தயங்கி எடுத்துச் சொன்னாராம். காண்டாமிருகத்துக்குக் கண்பார்வை குறைவு, மூக்குத்தான் எல்லாம். மனித வாடை என்றால் அதற்கு வேட்டைக்காரன். நீங்கள் பார்க்கப் போகப் போக அது வராது.

எனக்கு எடுத்து அழுதார். "அதுகளின்ர வாசலில நானே நாளுக்குநாள் வேர்வையைப் பூசியிருக்கிறன், அண்ணை. இதென்ன விசர் வேலை?" நான் சிரித்துவிட்டேன். அவரும் அழுகையோடு சிரித்தார். அன்றோடு அந்தப் பக்கம் போவதை நிறுத்தினார். தென்டாய் மரத்தில் கமெரா ஒன்றைக் கட்டிவிட்டார். ஒப்பந்தம் முடிந்து பரமேஸ்வரி ஊருக்கு வந்தபோது தடி அங்கேயே நின்றது. "வாழ்க்கையில முதல்தரம் கையளிக்காமல் வந்திட்டன்" என்பார்.

வந்த பிறகு சிறுநீரக நோய் அவரை விடவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கைபேசி தலையணைக்குக் கீழேயே கிடந்தது. அவர் போவதற்குச் சில நாள் முன்னம், நான் போயிருந்த நேரத்தில் தென்டாயிடமிருந்து படம் வந்தது. மழை பெய்து கழுவிய மண்ணில் ஒரு தாயும் குட்டியும், பட்டையின் நடுவே, ஆற்றை நோக்கி. அவர் படத்தைப் பெரிதாக்கினார். கொம்பையும் பார்க்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. முதலில் தாயின் கால்களை விரலால் தொட்டு எண்ணினார். பிறகு குட்டியின் கால்களை.

"எட்டும் இருக்கு, அண்ணை" என்றார்.

படத்தின் ஓரத்தில் அந்தக் கடைசி வெள்ளைத் தடியும் தெரிந்தது. "இனிப் பிடுங்கலாம் எண்டு தென்டாய்க்குச் சொல்லுங்கோ" என்றார். நானோ படத்தை எல்லோருக்கும் காட்டித் திரிந்ததில் அதை மறந்துபோனேன். அவர் இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டும்.

அவர் போன எட்டாம் நாள், எட்டுச் செலவுச் சடங்கன்று, தென்டாயிடமிருந்து செய்தி வந்தது. பரமேஸ்வரியின் நினைவாக அந்தத் தடியை அப்படியே விட்டுவிடட்டுமா என்று கேட்டிருந்தார். நல்ல மனிதர். ஆனால் விட்டால் பரமேஸ்வரி என்னை மன்னிக்கமாட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீசில் பதில் எழுதினேன்: பிடுங்கிவிடுங்கள், சொந்தக்காரர் கால் வைத்துவிட்டார்கள்.

மாலையில் இன்னொரு படம் வந்தது. தடி நின்ற இடத்தில் சின்னக் குழியொன்று. அதன் பக்கத்தில், ஈர மண்ணில், மூன்று விரல் பதிந்த குட்டியின் தடம்.

கையளித்தாச்சு, பரமேஸ்வரி. போயிட்டு வாரும்.