வேம்புலி கண்டுபிடித்த அடைப்பு

ரிப்பேர் பார்க்கிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. வண்டி நின்றதும் ஸ்பானரைத் தூக்குகிறவர் ஒரு ரகம். இதுவரை ஓடிய வண்டி இப்போது ஏன் நின்றது என்று முதலில் யோசிக்கிறவர் இன்னொரு ரகம். முதல் ரகம் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள். பாரிவாக்கத்து வேம்புலி இரண்டாவது ரகம். இத்தனைக்கும் அவர் மெக்கானிக்கே இல்லை.

சண்டைக் காலம், நாற்பத்து நாலாம் வருஷம். பட்டாபிராம் பக்கத்தில் பட்டாளத்துக் கிடங்கு ஒன்று இருந்தது. வேம்புலிக்கு அங்கே வண்டி கழுவுகிற வேலை. கழுவி முடித்ததும் டின்னிலிருந்து பெட்ரோல் ஊற்றுவதும் அவர்தான். அதற்கு முன் இருபது வருஷம் பாரிவாக்கம் ஏரியில் நீர்க்கட்டியாக இருந்தார். மதகைத் திறந்து, எந்தக் கழனிக்கு எவ்வளவு தண்ணீர் என்று முறை வைத்து விடுகிறவர்தான் நீர்க்கட்டி. ஊர்க் கழனி முழுவதும் அவர் விட்ட தண்ணீரில்தான் விளைந்தது. அவர் பேரில் மட்டும் ஒரு சாண் நிலம் கிடையாது.

அந்தச் சித்திரையில் கிடங்கு முழுக்க எத்திராஜ் பேச்சாகவே இருந்தது. எத்திராஜ் திருவேற்காட்டுக்காரன், ஜீப் டிரைவர், இருபத்தைந்து வயசு. கூவத்துக்கு அந்தப்புறம், பாரிவாக்கம் ஏரியைத் தாண்டி ஒரு காவல் முகாம் இருந்தது. அங்கே இருந்த சிப்பாய்களுக்கு மத்தியானச் சோறு கொண்டுபோவது அவன் வேலை. ரோடு கிடையாது. ஆற்று மணலில் இறங்கி, வற்றிய ஏரிக்குள் மாட்டுவண்டித் தடத்தைப் பிடித்துப் போக வேண்டும். இரண்டு வாரத்தில் மூன்று முறை ஜீப் அந்த ஏரிக்குள் நின்றுவிட்டது. தகவல் போய் மெக்கானிக் வந்து சேர்வதற்குள் மணி நாலாகிவிடும். அவர் வந்து சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காத மாதிரி ஜீப் கிளம்பிவிடும்! கிடங்கில் பிரித்துப் பார்த்தாலும் ஒரு குறையும் இல்லை.

வண்டியில் குறை இல்லையென்றால் டிரைவரிடம்தானே குறை? பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்து பஸ்கள் கரியில் ஓடிய காலம் அது. எத்திராஜ் வண்டியை ஒதுக்குப்புறமாக நிறுத்தி, பெட்ரோலை இறக்கி யாருக்கோ விற்கிறான் என்று பேச்சு கிளம்பியது. வண்டிகளுக்குப் பொறுப்பான சுபேதார் வீராசாமி கெட்டவர் அல்ல. ஆனால் மூன்று வேளை பட்டினி கிடந்த சிப்பாய்களுக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். "திங்கக்கிழமை உன் பேரைத் திருட்டுக் கேஸ்ல எழுதி மேல அனுப்பப் போறேன்" என்று எத்திராஜிடம் சொல்லிவிட்டார். பட்டாளத்தில் பெட்ரோல் திருட்டென்றால் ஜெயில்தான்.

சனிக்கிழமை காலை வேம்புலி சுபேதார் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, இன்னிக்கு அந்த வண்டியில நானும் போய் வரட்டுமா?"

"நீ போய் இன்னா பண்ணப் போறே?"

"நிக்கச் சொல்ல, அந்த நேரத்துலயே பாக்கணும் ஐயா. இதுவரிக்கும் எல்லாரும் அது கெளம்பின அப்பாலதான் பாத்தாங்கோ."

சுபேதார் அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். சோறு தூக்க ஒரு ஆள் கூட இருந்தால் நல்லதுதான் என்று தோன்றியிருக்க வேண்டும், சரி என்றார்.

மணல் தாண்டும்வரை ஜீப் நன்றாகத்தான் ஓடியது. ஏரிக்குள் இறங்கி, வண்டித் தடத்தில் குலுங்கிக் குலுங்கிப் போகையில் இரண்டு முறை இருமியது. பிறகு நின்றுவிட்டது. எத்திராஜ் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

"பாத்தியா? மெக்கானிக் வந்து சாவியத் தொட்டா கெளம்பும். கெளம்பி இன்னா ஆவப்போவுது? திங்கக்கிழமயோட என் கத முடிஞ்சிது."

ஆனாலும் பையன் நல்லவன். வண்டிக்குக் காவலாக வேம்புலி இருக்கிறார், இன்றைக்காவது அவர்கள் சாப்பிடட்டும் என்று சோற்று அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு முகாமைப் பார்த்து நடந்தான். அரை மைல் தூரம், உச்சி வெயில்.

வேம்புலி அவசரப்படவில்லை. கிடங்கில் மெக்கானிக்குகள் செய்வதைப் பார்த்திருந்தபடி, முதலில் பிளக் ஒயரைக் கழற்றி இரும்புக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கிராங்கைச் சுற்றினார். பொறி பளிச்சென்று தாவியது. நெருப்பு இருக்கிறது, அப்படியானால் பெட்ரோல்தான் வரவில்லை. கார்புரேட்டரைத் திறந்தார், உள்ளே காய்ந்து கிடந்தது. பம்புக்கு வருகிற குழாயைக் கழற்றினார், அதிலும் சொட்டு இல்லை. கடைக் கழனிக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் அங்கே நின்று கத்திப் பயனில்லை. கால்வாயைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே நடந்து மதகுவரை போக வேண்டும். இருபது வருஷம் அவர் செய்தது அதுதான்.

நடந்து நடந்து சீட்டுக்கு அடியில் இருந்த டேங்குக்கு வந்து சேர்ந்தார். அங்கே குழாயைக் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சினார். கன்னம் இரண்டும் ஒட்டிக்கொண்டதே தவிர ஒன்றும் வரவில்லை. அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. மதகு வாயில் பனமட்டை வந்து சிக்கினால், தண்ணீர் இழுக்கிறவரை அது ஒட்டிக்கொண்டே இருக்கும். மதகை அடைத்துவிட்டு மூழ்கிப் பார்த்தால் மட்டை விலகி எங்கேயோ போயிருக்கும், வாய் சுத்தமாக இருக்கும். அந்த மாதிரி அடைப்பை இழுக்கும்போதே பார்த்தால்தான் உண்டு.

உறிஞ்சிய குழாயைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிக்கொண்டு டேங்க் மூடியைத் திறந்தார். தலைக்கு நேரே இருந்த சூரியன் உள்ளே அடிவரை வெளிச்சம் போட்டது. உள்குழாயின் வாயில் ஏதோ கப்பென்று ஒட்டியிருந்தது. விரலை எடுத்தார். அது மெதுவாக விலகி, ஆடி, ஒரு மூலையில் போய்ப் படுத்துக்கொண்டது. ரோட்டில் ஓடும்போது அது அப்படியே மூலையில் கிடக்கும். ஏரித் தடத்தின் குலுக்கலில்தான் எழுந்து வந்து வாயை அடைக்கிறது. எத்தனை மெக்கானிக் பார்த்த வண்டி! வேம்புலிக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

ஒரு கம்பியை வளைத்து உள்ளே விட்டு அதை வெளியே எடுத்தார். சிரிப்பு நின்றுபோயிற்று.

அது ஒரு துணி. கத்தரிப்பூ நிறம் பெட்ரோலில் வெளுத்திருந்தாலும் கரை அப்படியே தெரிந்தது. அவர் பெண்சாதி கெங்கம்மாளின் பழைய புடவைக் கிழிசல். புனலில் இருந்த வலை மாசி மாதமே அறுந்துவிட்டது. வேறு கேட்டும் வரவில்லை. டின்னிலிருந்து விழும் துரு வண்டிக்குள் போகக் கூடாதென்று அவர்தான் இந்தத் துணியைப் புனலில் போட்டு வடிகட்டினார். ஒருநாள் அவசரத்தில் துணி காணாமல் போனது. காற்று அடித்துக்கொண்டு போய்விட்டதென்று நினைத்துக்கொண்டார்.

சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லை. பக்கத்திலேயே முட்புதர். அதில் வீசிவிட்டால் வண்டி ஓடும், அவர் வேலையும் போகாது. கிடங்கு வேலை கிடைத்த பிறகுதான் அவர் வீட்டு அடுப்பு இரண்டு வேளையும் எரிந்தது. வேம்புலி வெகுநேரம் அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பிழிந்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பெட்ரோல் தோலை எரித்தது.

எத்திராஜ் திரும்பி வரும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் சந்தோஷத்தில் குதித்தான். யாருடைய துணி என்று தெரிந்ததும் அவன் முகம் மாறிவிட்டது.

"தூக்கிப் போட்டுடு வேம்புலி. நான் வேற எதுனா சொல்லிக்கிறேன்."

"இன்னா நைனா சொல்லுவே? மூணு தபா சொன்னியே, எவனாச்சும் நம்பினானா?"

சாயந்திரம் சுபேதார் மேஜைமேல் துணி கிடந்தது. நடந்ததை வேம்புலி ஒன்று விடாமல் சொன்னார், தன் பங்கு உட்பட. சுபேதார் துணியைப் புரட்டிப் பார்த்தார்.

"நீ மட்டும்தானே இருந்தே? கடாசிட்டு வந்திருக்கலாமேடா."

"வண்டி சரியாயிருக்கும் ஐயா. இந்தப் பையன் திருடன்னு நீங்க எய்துறது அப்பிடியேதானே இருக்கும்?"

சுபேதார் காகிதத்தை இழுத்து எழுதினார். அவருக்கும் மேலே பதில் சொல்ல வேண்டியிருந்தது. யார் பேரிலும் குற்றம் எழுதாமல் விட அவரால் முடியவில்லை. எத்திராஜ் மூலையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். எழுதி முடித்ததும் வேம்புலி கை கட்டிக்கொண்டு கேட்டார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது ஐயா. எய்தினத ஒரு தபா படிச்சுக் காட்டுங்க."

"டிரைவர் எத்திராஜ் மேல் எந்தக் குற்றமும் இல்லை" என்று சுபேதார் படித்தார்.

"இன்னொரு தபா ஐயா."

அவர் மறுபடியும் படித்தார். அடுத்த வரிக்குப் போய், "வண்டி கழுவும் கூலி வேம்புலியை வேலையிலிருந்து..." என்று ஆரம்பித்தவர் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"அது எனக்குத் தெரியும் ஐயா" என்று சொல்லி, வேம்புலி ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார்.