இருபத்தொன்பது டிகிரி

அம்மாவின் கடைசித் தம்பியான என் மாமா, லண்டனுக்கு வந்த இரண்டு வருடத்துக்குள் மூன்று வேலை மாறினார். நான்காவது வேலை ஒரு பெட்ரோல் நிலையத்தில். அங்கிருந்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் ஒரு பாம்போடு வீட்டுக்கு வந்தார். கூட வேலை செய்த வெள்ளைக்காரப் பொடியன் ஆஸ்திரேலியா போகிறானாம், வளர்த்த பாம்பை ஏற்க ஆளில்லையாம், மாமாவுக்கு மனம் கேட்கவில்லையாம். பிளேஸ்டோவில் நாங்கள் இருந்த வாடகை வீட்டு வாசலில், மீன்தொட்டி போன்ற கண்ணாடிப் பெட்டி ஒன்றை அணைத்துப் பிடித்தபடி நின்றார். அப்பா கதவை முழுதாகத் திறக்கவில்லை.

"நாங்களே இஞ்ச தஞ்சம் கேட்டுப்போட்டு முடிவு வராமல் நிக்கிறம். இதுக்குள்ள பாம்புக்கும் தஞ்சமோ?"

"விஷம் இல்லாதது அத்தான். பூனைக்குட்டி மாதிரி."

"அப்ப பூனைக்குட்டியையே கொண்டு வந்திருக்கலாமே!"

வழக்கைத் தீர்த்தவர் அம்மா. வீடு தேடி வந்த நாகதம்பிரான் சாமியை வாசலோடு திருப்பி அனுப்பினால் குடும்பத்துக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். இது அமெரிக்கப் பாம்பு, நாகதம்பிரானுக்கும் இதற்கும் ஒரு சொந்தமும் இல்லை என்று மாமா உண்மையைச் சொல்லப் பார்த்தார். "வாயைப் பொத்து" என்றார் அம்மா. பாம்பு உள்ளே வந்தது. ஆனால் அம்மா இரண்டு கட்டளை போட்டார். பாம்பு என்ற சொல் வீட்டில் ஒலிக்கக் கூடாது, 'அந்தச் சீவன்' என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்தது, அந்தச் சீவன் இருக்கும் மாமாவின் மாடி அறைக்குள் தான் கால் வைக்கமாட்டார். வெள்ளிக்கிழமைகளில் மாடிப்படியின் உச்சியில் நின்றபடியே அறைக் கதவுக்குக் கற்பூரம் காட்டினார். கதவும் கொஞ்ச நாளில் தெய்வாம்சம் பெற்றுவிட்டது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தப் பாம்பைப் போல அழகான எதையும் நான் அதுவரை கண்டதில்லை. செம்மஞ்சள் உடம்பில் கறுப்பு விளிம்பு கட்டிய சிவப்புத் திட்டுகள். என் கைவிரல் தடிப்புத்தான் இருக்கும். பெட்டியின் ஒரு பாதிக்கு அடியில் சூடாக்கும் தகடு ஒன்று இருந்தது. அந்தப் பக்கம் இருபத்தொன்பது டிகிரி, மற்றப் பக்கம் இருபத்துநாலு. இரண்டு பக்கமும் இரண்டு வெப்பமானிகள். பாம்பு தனக்கு வேண்டிய போது சூட்டுப் பக்கம் போகும், காணும் என்றால் குளிர்ப் பக்கம் வரும்.

"அதுக்குச் சொந்தமாச் சூடு இல்லை, பிள்ளை" என்றார் மாமா. "நாங்கள் குடுத்தாத்தான் உண்டு."

இந்தச் செய்தி என்னை உலுக்கிவிட்டது. ஒரு எண்ணில் ஒரு உயிர் தொங்குவதா! காலையில் பல் தீட்டுமுன் ஓடிப்போய்ப் பார்ப்பேன். இருபத்தொன்பது என்று கண்டால்தான் எனக்கு மூச்சு வரும். மாமா ஒரு கொப்பி தந்தார். காலையும் மாலையும் இரண்டு பக்கத்துச் சூட்டையும் அதில் எழுத வேண்டும். பள்ளிக்கூடக் கொப்பி எதையும் நான் அவ்வளவு அழகாக எழுதியதில்லை.

தை மாதத்தில் மாமா, கூட்டாளி ஒருவர் வீடு மாற உதவி செய்யவென்று நாலு நாள் பர்மிங்காம் போனார். போகும்போது என் தோளில் கை வைத்து, "இனி நீதான் பொறுப்பு" என்றார். பெருமையில் எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் நாள், பார்க்கிங் என்ற பக்கத்து ஊரில், ஒரு பிள்ளை பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. எங்கள் குடும்பம் வெளிக்கிடுவதென்றால் அதுவே ஒரு சடங்கு. வாடகை வீடு எரிந்துபோனால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில், அப்பா வீட்டிலுள்ள அத்தனை சுவிட்சுகளையும் நிப்பாட்டிவிட்டுத்தான் பூட்டைத் தொடுவார். கீழ்வீடு அவர் பொறுப்பு, மேல்வீடு என் பொறுப்பு. அன்றைக்குப் புதுப் பட்டுப்பாவாடை, கை நிறையக் காப்பு, தலையில் பூ. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"மேல எல்லாம் நிப்பாட்டினனியோ?" என்று கீழிருந்து அப்பா கத்தினார்.

"ஓம் அப்பா! எல்லாம்!"

எல்லாம்தான். என் கை பழகின பழக்கத்தில் ஒவ்வொரு அறையாகப் போய், ஒவ்வொன்றாகத் தட்டி அணைத்துவிட்டு வந்தது.

மண்டபத்தில் ஆராத்தி எடுத்தார்கள், வீடியோ எடுத்தார்கள், பலகாரம் தந்தார்கள். பாம்பின் நினைப்பு ஒருதரம்கூட எனக்கு வரவில்லை. பின்னேரம் ஆறு மணிக்கு வீடு திரும்பி, கொப்பியை எடுத்துக்கொண்டு மேலே போனேன். சூட்டுப் பக்கத்து வெப்பமானி ஒன்பது காட்டியது. பாம்பு அணைந்த தகட்டின் மேலேயே சுருண்டு கிடந்தது. தொட்டேன். அசையவில்லை. தூக்கினேன், சுருள் அவிழாமல் அப்படியே கையோடு வந்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார்.

முதலில் ஓடி வந்தவர் அப்பா. நிலைமையைக் கண்டதும் தலைமயிர் காயவைக்கும் மெஷினைக் கொண்டுவந்து பிளக்கில் செருகினார்.

"நிப்பாட்டுங்கோ!"

அம்மாவின் குரல். திரும்பிப் பார்த்தால், அறைக்குள் நிற்கிறார். மூன்று மாதமாக வாசற்படியையும் தாண்டாத அம்மா!

"சட்டெண்டு சூடு காட்டினா உயிர் தாங்காது. மெள்ள மெள்ளத்தான் ஏத்தோணும். பிள்ளை, அதை இஞ்ச தா."

தந்தேன். என் அம்மா, பாம்பு என்ற சொல்லுக்கே காதைப் பொத்துகிற அம்மா, அதை இரண்டு உள்ளங்கையிலும் வாங்கினார். மாமாவின் கட்டிலில் சாய்ந்து, சட்டையின் மேல் கொழுக்கிகளைக் கழற்றி, நெஞ்சோடு வைத்தார். மேலே சீலைத் தலைப்பு, அதன் மேல் கம்பளிச் சட்டை, அதன் மேல் போர்வை.

"சீலைக்கு மேல வைக்கலாம்தானே அம்மா?"

"ஏலாது. தோலோட தோல் படோணும். அப்பதான் எங்கட மூச்சு அதுக்குத் தெரியும்."

எனக்கு அழுகை நின்றுவிட்டது. கோவிலில் கதவு திறக்கும்போது வரும் ஒரு உணர்ச்சி இருக்கிறதே, அது வந்தது. அம்மா கண்ணை மூடியிருந்தார். ஒரு கை போர்வைக்குள், மற்றக் கை வெளியே, தட்டிக்கொடுப்பதுபோல மெதுவாக அசைந்துகொண்டிருந்தது. யாரையும் பேச விடவில்லை. நான் கட்டிலுக்கருகில் நிலத்தில் இருந்தேன். காப்பு கிலுங்காமல் இருக்கக் கைகளை மடிக்குள் இறுக்கிக்கொண்டேன். கடவுளே, நான்தான் நிப்பாட்டினேன், என்னைத் தண்டி, அதை விட்டுவிடு என்று மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேலிருக்கும். அம்மாவின் தொண்டைக்குக் கீழே சீலை மெல்ல அசைந்தது. ஒரு செம்மஞ்சள் தலை வெளியே வந்தது. நாக்கை நீட்டியது, உள்ளே இழுத்தது, மறுபடி நீட்டியது. அம்மாவின் கழுத்து எலும்பில் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. நான் கை தட்டினேன். துள்ளினேன். அம்மாவோ விம்மி விம்மி அழுதார். இவ்வளவு நேரமும் அடக்கி வைத்த பயம் என்றுதான் நினைத்தேன்.

எதற்கும் பகிடி விடுகிற அப்பா கட்டில் ஓரத்தில் வந்து இருந்தார்.

"காணும், விடும். அது தப்பீட்டுது."

"ஓம்" என்றார் அம்மா. "இது தப்பீட்டுது."

தகட்டுக்கு உயிர் கொடுத்து, பெட்டி இருபத்தொன்பதுக்கு வந்துவிட்டதென்று நான் அறிவித்த பிறகும் அம்மா எழும்பவில்லை. உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "ஆஸ்பத்திரியில நேர்ஸ் சொல்லித் தந்தவ" என்றார். லண்டன் ஆஸ்பத்திரிகளில் பாம்பு வளர்க்கவும் படிப்பிக்கிறார்கள் என்று திங்கட்கிழமை வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். இரண்டு பேர் நம்பினார்கள்.

எனக்கு நாலு வயதாக இருந்தபோது, என்னை வட லண்டன் எட்மண்டனில் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு, அம்மா மாதம் நிறையாமல் பிறந்த என் தம்பியின் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் பதினொரு நாள் இருந்திருக்கிறார். கடைசி இரண்டு நாளும் அவனை அவர் நெஞ்சில் கிடத்தினார்களாம். அப்படி ஒரு தம்பி இருந்தான் என்பதையே எனக்குப் பதினேழு வயதில்தான் சொன்னார்கள். அன்று அந்தக் கட்டிலருகே நின்ற எனக்கு விளங்காதிருந்தது ஒன்றுதான்: பாம்புக்குத்தான் உயிர் வந்துவிட்டதே, பெட்டியும் சூடாகிவிட்டதே, பிறகும் ஏன் அம்மா அதை என்னிடம் தரமாட்டேன் என்கிறார்?