கிணற்று முறைக்கு வந்த கொம்பைலர்

கணினி நிரல் எழுதும் தொழிலில் சம்பளத்தை மனிதரிடம் வாங்குவோம், பேச்சை இயந்திரத்திடம் வாங்குவோம். கொம்பைலர் என்பது நாம் எழுதியதைச் சரிபார்த்து ஓடக்கூடியதாக மாற்றித் தரும் பிடிவாதக்காரன். அவனிடம் ஒரு தடவையாவது திட்டு வாங்கிய சக துன்பசாலிகளே, இது உங்களுக்காக.

முப்பது வருடம், வயற்கூலிக்கு உழைக்கும் கமத்தொழிலாளருக்காகத் துண்டுப்பிரசுரம் எழுதியவன் நான். என் படிப்பும் துண்டுப்பிரசுரங்களிலிருந்துதான். கூட நின்று கோஷம் போட்டவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டில். மீதிப் பேர் மேடையில், மாலையோடு. எனக்கு மிஞ்சியது வாசிக்கும் பழக்கம். அதை வைத்து ஐம்பது வயதில், எல்லாவற்றையும் சார்புகளாக, ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்றைத் தரும் சிறு விதிகளாக, எழுதும் நிரல் மொழி ஒன்றைப் படித்தேன்: கையேட்டை அச்செடுத்து, சிவப்புப் பேனாவால் அடிக்கோடிட்டு. இப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியோரம், சுகந்தியின் ஒற்றை அறைக் கம்பனியில் வேலை.

தெல்லிப்பழைக்கு அப்பால் ஒரு கமக்காரர் சங்கம், பங்குக் கிணறுகளின் இறைப்பு முறைக்குப் பட்டியல் போட நிரல் கேட்டது. ஒரு கிணறு, பல பங்காளர். யாருக்கு எந்த நாள் தண்ணீர் என்பதுதான் முறை. வெங்காயம் நடுவதற்குள் நிரல் முடியாவிட்டால் பழையபடி செயலாளர் கையால் எழுதும் கொப்பிதான். கொப்பியைப் பார்க்கப் போன அன்றே, குத்தகைக் காணியில் வெங்காயம் செய்யும் தவமணி என்னை வாசற் படலையில் மறித்தார்.

"அண்ணை, கொப்பியிலை எனக்கு முறை இல்லை. ஆரும் விட்ட மிச்சத் தண்ணியை நம்பிப் போன போகம் பாதி வெங்காயம் கருகினது. உங்கடை பெட்டிக்குள்ளையாவது என்ரை பேர் வருமோ?"

தலையாட்டாத தோழர்

சுகந்தி எழுதும் மொழி எதைக் கொடுத்தாலும் சரி என்னும். பிழை, நிரல் ஓடும்போதுதான் தெரியவரும். என்னுடையதில் ஒரு பெயருக்குப் பெறுமானம் கொடுத்தால் கொடுத்ததுதான், பிறகு மாற்ற முடியாது. எண் கேட்ட இடத்தில் எழுத்தைக் கொடுத்தால் ஓட முன்னரே மறிக்கும். முதல் நாள் ஒரு பக்கம் எழுதினேன். கொம்பைலர் மூன்று பக்கம் குறை சொன்னது. எனக்கு அதுவே பிடித்தது. எல்லாவற்றுக்கும் கை உயர்த்திவிட்டு, ஊர்வலம் தொடங்கிய சந்தியிலேயே காணாமல் போன தோழர்களோடு காலம் தள்ளியவன் அல்லவா? சுகந்திதான் பொறுமையிழந்தார்.

"அண்ணை, என்ரை மொழி ஓடிப்போய் விழும், ஓம். உங்கடை மொழி செருப்புப் போடவே மத்தியானம் ஆகுதே!"

இரண்டு அரை நாள்

கொப்பியில் சிலருக்கு 'அரை நாள்' என்றிருந்தது, சிலருக்கு 'நாலு மணித்தியாலம்' என்றிருந்தது. நிரலில் இரண்டையும் வெவ்வேறு வகைகளாக அறிவித்துவிட்டு, அவசரத்தில் ஒன்றாகக் கூட்டினேன். வகை பொருந்தவில்லை என்று கொம்பைலர் மறுத்தது. அரை நாளை ஆறு மணித்தியாலமாக மாற்றும் சார்பு ஒன்று எழுதினால் விட்டுவிடும். எழுதப் போன கை தயங்கியது. ஆறுதானா? செயலாளர் கந்தவேளுக்குப் போன் எடுத்தேன்.

"எட, காலமை அரை நாளும் பின்னேர அரை நாளும் ஒண்டெண்டு ஆர் உமக்குச் சொன்னது? காலமை, இரவு முழுக்க ஊறின தண்ணி. பின்னேரம் வாளி தரையிலை முட்டும். கொம்பியூட்டர் படிச்ச உமக்கு உது தெரியாதே?"

ஒருவருமில்லை

அரை நாளைக் காலமை, பின்னேரம் என இரண்டு வகையாகப் பிரித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன்: நாளைக் கொடுத்தால் பங்காளரின் பெயரைத் தரும் சார்பு ஒன்று. மூன்று பங்குகளின் சொந்தக்காரர் கனடாவில் என்பதால், விடை ஒரு பெயராகவும் இருக்கலாம், 'ஒருவருமில்லை' என்றும் இருக்கலாம். இரண்டாவதை நான் மறந்துபோனேன். கொம்பைலர் மறக்கவில்லை. ஒருவருமில்லை என்றால் என்ன செய்வதென்று சொல்லவில்லையே என, வரி எண்ணோடு கேட்டு நின்றது. தவமணி குத்தகைக்குச் செய்யும் காணிக்குரிய பங்கும் அந்த மூன்றில் ஒன்று.

கந்தவேளிடம் கேட்டேன். "அதை நான் பாத்துக்கொள்ளுவன்" என்றார். எப்படிப் பார்த்துக்கொள்கிறார் என்பது ஊருக்கே தெரியும்: அந்த நாட்களில் அவருடைய மச்சானின் புகையிலைக்குத் தண்ணீர் ஓடும். இதைப் பற்றி முன்னொரு காலத்தில் நான் நாலு பக்கத்தில் ஒரு பிரசுரமே எழுதினேன். அதில் கடலை சுற்றினார்கள்.

இந்த மொழியில் ஒரு குறுக்குவழி உண்டு. தனித்தனியே சொல்ல விரும்பாத எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கீழ்க்கோடு போட்டு, எதிரே செயலாளரின் பெயரை எழுதினால் கொம்பைலர் வாயை மூடிவிடும். நடுகைக்கு ஏழே நாள்தான் இருந்தது. போட்டேன். பிறகு தவமணி படலையில் நின்றது நினைவுக்கு வந்தது, அழித்தேன். பக்கத்து மேசையிலிருந்து சுகந்தி எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணை, ஒரு கோடுதானே? செயலாளரும் சந்தோசம், கொம்பைலரும் சந்தோசம். உங்களுக்கு மட்டும் எங்கை குத்துது?"

ஒரு வரிப் பிரசுரம்

கொம்பைலரின் கேள்வியைத் தமிழாக்கி, ஆளுக்கொரு தாளாக அச்செடுத்துச் சங்கக் கூட்டத்தில் கொடுத்தேன்: 'பங்காளர் ஒருவருமில்லாத முறை யாருக்கு?' கந்தவேள் கொதித்தார். "மிசின் கேக்குதெண்டு நாங்கள் கூட்டம் வைக்கிறதே?"

"பதில் இல்லாட்டில் பட்டியல் வராது. ஒருத்தருக்கும் வராது, உங்கடை மச்சானுக்கும்" என்றேன். கீழ்க்கோட்டைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

தன் முறையும் நின்றுவிடும் என்றதும், பின்வரிசையில் தூங்கியவர்களெல்லாம் நிமிர்ந்தார்கள். மச்சானே எழும்பி, சீக்கிரம் ஒரு முடிவெடுங்கோ என்றார். அரை மணித்தியாலத்தில் தீர்மானம் நிறைவேறியது: சொந்தக்காரர் ஊரில் இல்லாவிட்டால், காணியைச் செய்பவருக்கே முறை. கந்தவேளே தன் கையால் கூட்டக் குறிப்பில் எழுதினார். நான் நிரலில் ஒரு வரி சேர்த்தேன். கொம்பைலர் முதல் தடவையாக ஒன்றும் சொல்லவில்லை.

அறிவித்தல் பலகையில் பட்டியல் ஏறியது. வியாழன் காலமை அரை நாள், தவமணி. அவர் தன் பெயரை விரலால் இரண்டு தரம் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"முப்பது வருசமாய் நீங்கள் தொண்டை கிழியக் கத்தினியள் அண்ணை, ஒருத்தரும் கேக்கேல்லை. உந்தப் பெட்டி ஒருக்கா மாட்டன் எண்டது, எல்லாரும் எழும்பி நிண்டிட்டினம்!"

என் பெயரில் வெளிவந்த பிரசுரங்களிலேயே சொன்னதைச் சாதித்தது, இயந்திரம் எழுதி நான் மொழிபெயர்த்த அந்த ஒற்றை வரி மட்டும்தான்.